எண்ணெய்க் கறை நீக்கும் திரவங்கள்: விற்பவர் அறிய வேண்டியவை

கூரம் போன்ற கிராமத்துக் கடைகளிலும் இன்று அரிசி ஆலைக்காரர், லேத் பட்டறைக்காரர், டிராக்டர் மெக்கானிக் என்று பலரும் வந்து, "எண்ணெய்ப் பிசுக்கு போக ஏதாவது கொடுங்கள்" என்று கேட்கின்றனர். நாமும் கைக்குக் கிடைத்த டின்னை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். என்ன அழுக்கு, எந்தப் பொருளின் மேல் என்ற இரண்டையும் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

கிரீஸ், மெஷின் ஆயில் போக மினரல் டர்பன்டைன் போதும். ரேஷன் மண்ணெண்ணெயை இதற்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தராது. காய்ந்த பெயிண்ட், பசை இவற்றுக்குத் தின்னர் வேண்டும். ஆனால் தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். எலக்ட்ரானிக் தராசின் முகப்பை அதனால் துடைத்தால் எண் தெரியாமல் மங்கிவிடும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே அதற்குப் போதும். ஆலையின் ரப்பர் உருளையில் டர்பன்டைன் பட்டால் ரப்பர் உப்பும். உணவுப் பொருள் படும் இடத்துக்குச் சுடுநீரும் சோப்பும்தான். சலவைச் சோடாவும் நல்லதே, அலுமினியத்தை மட்டும் அரித்துக் கறுக்கச் செய்யும். சோப்பைச் சொன்னால் வியாபாரம் குறையும் என்பார் உண்டு. உருளை கெட்டவர் நம் கடைக்குத் திரும்பி வரமாட்டார் என்பதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

திரவத்தின் ஆவி எந்தச் சூட்டில் சுடர் பட்டதும் பற்றுமோ அதுவே தீப்பற்று நிலை. தின்னரில் சேரும் அசிட்டோனுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே; டொலுவீனுக்குச் சுமார் 4 டிகிரி; மினரல் டர்பன்டைனுக்கு 30 டிகிரிக்கு மேல். சித்திரை வெயிலில் நம் தகரக் கொட்டகையில் டர்பன்டைனும் அந்த நிலையை எட்டிவிடும். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை, தரையோடு படரும். மாலையில் கல்லாவின் அருகே விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுவது நம் எல்லோர் வழக்கம். அந்த இடத்துக்கும் தின்னர் டின்னுக்கும் நடுவே சுவர் இருக்க வேண்டும்.

பற்றாத திரவம் ஆபத்தற்றது என்ற எண்ணம் அதைவிடக் கேடானது. கார்பன் டெட்ராகுளோரைடு பற்றாது. ஒரு காலத்தில் தீயணைப்புக் கருவியிலேயே அதை நிரப்பினர். உலோகப் பாகங்களைக் கழுவவும், திருப்பூர் பனியன் தொழிலில் எண்ணெய்க் கறை எடுக்கவும் அது பயன்பட்டது. ஆனால் அதன் ஆவி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காய்ச்சிய இரும்பில் பட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். ஓசோன் படலத்தையும் அழிப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2010 முதல் கறை நீக்கவும் கழுவவும் அதைப் பயன்படுத்துவது நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தவற்றுள் ஒன்றான ட்ரைகுளோரோஎத்திலீனை, புற்றுநோய் உண்டாக்கும் பொருளென உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. எனவே "தீப்பிடிக்காத கறை நீக்கி" என்று மட்டும் எழுதிய டின் வந்தால், உள்ளே இருப்பது என்னவென்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தில் 23 டிகிரிக்குக் கீழ்ப் பற்றுவது 'ஏ' வகுப்பு. தின்னர் பெரும்பாலும் இதில் அடங்கும். சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைக்கலாம். விற்பனைச் சரக்குக்கு அந்த விலக்கு கிடையாது. மினரல் டர்பன்டைன் 'பி' வகுப்பு. 2,500 லிட்டர் வரை உரிமம் தேவையில்லை.

சில்லறையாக ஊற்றித் தருபவர்கள் காலிக் குளிர்பானப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம். வீட்டில் குழந்தை குடித்துவிட்டதாக யாரேனும் ஓடி வந்தால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று சொல்லுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். டின்னையும் கையில் கொடுத்து உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.