சாபத்தின் மேல் பழி போடும் கதைகள்

19ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய பயணிகள் நீராவிக் கப்பல் கிரேட் ஈஸ்டர்ன். 211 மீட்டர் நீளம். 4,000 பேர் பயணம் செய்ய இடம். அதைப் பற்றி நாம் கேட்டுவருவதில் பாதிக்கு மேல் செவிவழிக் கதைகளே.

நம்பிக்கை: கப்பலின் இரட்டைச் சுவருக்குள் சிக்கி இறந்த தொழிலாளியின் ஆவியே அதைச் சபித்தது.

1889இல் லிவர்பூல் அருகே கப்பலை உடைத்தபோது எலும்புக்கூடு கிடைத்ததாகச் சொல்கிறார்கள். இதற்கு உறுதியான பதிவு எதுவும் இல்லை. பின்னால் எழுதியவர்கள் முன்னால் எழுதியவர்களைச் சோதிக்காமல் வழிமொழிந்தார்கள், கதை நிலைத்துவிட்டது. உண்மையில் அந்த இரட்டைச் சுவர்தான் கப்பலைக் காத்தது. 1862இல் நியூயார்க் அருகே பாறை மோதி, வெளிச்சுவர் சுமார் 25 மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. உட்சுவர் தாங்கியதால் கப்பல் மூழ்காமல் துறைமுகம் சேர்ந்தது.

நம்பிக்கை: கப்பலில் நடந்த வெடிவிபத்தில்தான் அதை வடிவமைத்த புரூனெல் இறந்தார்.

நாள்வரிசையே இதை மறுக்கிறது. 1859 செப்டம்பர் 5 அன்று அவர் பக்கவாதத்தால் கப்பலில் சரிந்தார். வெடிப்பு நடந்தது செப்டம்பர் 9 அன்று. அப்போது அவர் கப்பலில் இல்லை. 15ஆம் தேதி லண்டனில் தம் வீட்டில் இறந்தார். வெடித்தது, புகைபோக்கியைச் சுற்றியிருந்த நீருறை. நீராவி வெளியேற வேண்டிய வழியின் வால்வு மூடிக் கிடந்ததே காரணம். வெந்து மாண்டவர்கள் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்ட தொழிலாளர்கள்.

நம்பிக்கை: அட்லாண்டிக்கைக் கடக்கவே கட்டப்பட்டு, எதற்கும் உதவாமல் போன கப்பல் அது.

வழியில் நிலக்கரி நிரப்பாமல் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லவே அது திட்டமிடப்பட்டது. பணமுடையால் உரிமையாளர்கள் அதை அட்லாண்டிக்கில் விட்டனர். இரு கரையிலும் கரி கிடைக்கும் அந்தக் குறுகிய தடத்தில் அத்தனை பெரிய கப்பலுக்குத் தேவையே இல்லை. 1860இல் நியூயார்க்குக்குப் புறப்பட்ட முதல் பயணத்தில் கட்டணம் செலுத்தியவர்கள் 35 பேர் மட்டுமே. ஆனால், 1866இல் அயர்லாந்தையும் இன்றைய கனடாவின் கரையையும் இணைத்த தந்திக் கம்பிவடத்தைக் கடலடியில் பதித்தது இதே கப்பல். 1870இல் பம்பாயிலிருந்து ஏடன் நோக்கி வடம் பதித்ததும் இதுவே.

இக்கதைகள் ஏன் சாகவில்லை? சாபம் என்றால் விசாரணை தேவையில்லை. மூடிய வால்வுக்கும் தவறான வணிக முடிவுக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது: இறந்ததாகச் சான்றில்லாத ஒருவருக்காகப் பரிதாபப்படும் நாம், உண்மையில் வெந்து செத்தவர்களை மறந்துவிட்டோம். விபத்துக்குக் காரணம் தேடும் சமூகமே அடுத்த விபத்தைத் தடுக்கும்.