ஓநாய் ஓடும் வாள்

பழைய வாளைக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கைப்பிடியைத்தான் காட்டுவார்கள். "வெள்ளி வேலைப்பாட்டப் பாருங்க சார், தாத்தாவோட தாத்தா காலத்துது." நான் கைப்பிடியைக் கடைசியில்தான் பார்ப்பேன். நம் நாட்டு வாள்களில் பிடியை அரக்கு வைத்துப் பொருத்துவது வழக்கம். சூடு காட்டினால் கழன்றுவிடும். அதனால் ஒரே அலகு பல பிடிகளைக் கண்டிருக்கும்.

மராட்டியர்களின் ஃபிரங்கி வாளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடியும் கைக்காப்பும் தக்காணத்து வேலை. அலகு பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. அப்படி ஒரு வாளை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். நேராகப் பிடித்தால் நடுக்காடியில் வெறும் துரு. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்ததும், பிடிக்குச் சற்றுத் தள்ளி ஏழெட்டுக் கோடுகள் தெரிந்தன: நாலு கால், ஒரு வால். ஓடும் ஓநாய்! அது முதலில் ஜெர்மனியின் பாசாவ் நகரக் கொல்லர்களின் முத்திரை. பிறகு அதே நாட்டின் சோலிங்கன் நகரக் கொல்லர்களும் அதையே பொறித்தார்கள். பக்கத்தில் 1414 என்று இருந்தால் அதை ஆண்டு என்று எண்ணிவிட வேண்டாம். 17ஆம் நூற்றாண்டு அலகுகளிலும் அந்த எண் உண்டு.

பெயர் இருந்தால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஆந்த்ரேயா ஃபெராரா 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கொல்லர். அவர் பெயரைச் சோலிங்கன்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறித்தார்கள். பாரசீகத்தின் இஸ்பஹான் நகரக் கொல்லர் அஸதுல்லா கதையும் அதுதான். அவர் பெயர் உள்ள வாள்களையெல்லாம் அவரே அடித்திருந்தால் மனிதர் இருநூறு வருடம் உலைக்களத்தில் நின்றிருக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் தேடி வாங்கிய, சேலத்துக் கொல்லர் அருணாசலத்தின் கத்திகளில் பெயரும் ஊரும் ஆங்கிலத்தில் இருக்கும். அங்கே நான் லென்ஸ் வைத்துப் பார்ப்பது எழுத்தின் உட்குழிவை. சுற்றியுள்ள இரும்பு கறுத்திருக்க, எழுத்துக்குள் மட்டும் பளிச்சென்று இருந்தால் பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

ஒரு வேண்டுகோள். புளி, சாம்பல், உப்புத்தாள் எதையும் போட்டுத் தேய்த்துவிட்டுக் கொண்டுவராதீர்கள். முத்திரையும் போய்விடும், உருக்கின் வரிகளும் மங்கிவிடும். துணியில் துளி எண்ணெய் போதும். இன்னொன்று: நூறு ஆண்டு கடந்த வாள் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.