தாய்ப்பால்: முதல் நாட்கள்

வீட்டில் குழந்தை பிறந்தால் நமக்கெல்லாம் கொண்டாட்டம். ஆனால் முதல் வாரத்தில் அக்காவோ அண்ணியோ, "எனக்குப் பால் போதவில்லையே" என்று கண்கலங்குவதையும் நாம் கண்டிருக்கிறோம். உடனே பாட்டி சர்க்கரைத் தண்ணீரை எடுப்பார். மற்றொருவர் புட்டிப்பாலைச் சொல்வார். உண்மையில் நடப்பது என்ன?

முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரப்பது சீம்பால். மஞ்சள் நிறமாய்ச் சிறிதளவே வரும். சிசுவின் இரைப்பையும் மிகச் சிறியதாகையால் அதுவே போதும். நோயெதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த அதைப் பீய்ச்சிக் கொட்டுவது பெருந்தவறு. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் ஊட்டத் தொடங்குவதே நன்று.

பின்னர் மார்பு கனத்துப் பால் பெருகும். குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை, இரவிலும் பால் கேட்கும். இது பால் குறைவின் அடையாளமன்று. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இடையில் புட்டி புகுந்தால் சப்புவது குறையும், சுரப்பும் குறையும். ஐந்தாம் நாளுக்குப்பின் தினமும் 6 முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால் பால் போதுகிறது என அறியலாம்.

காம்பு புண்ணானால், குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சுற்றிய கருவட்டமும் வாய்க்குள் செல்ல வேண்டும். மார்பு சிவந்து காய்ச்சல் கண்டாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீரும் வேண்டாம். பின்பு இணை உணவுடன் 2 ஆண்டும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

மாணவியராகிய நம்மாலும் ஆவதுண்டு. துணிகளைத் துவைப்போம், தாய்க்கு வேளைக்கு உணவளிப்போம், "பால் இல்லை" என்ற சொல்லை மட்டும் அவள் காதில் போடாதிருப்போம்.