பொலிஸில் போட்ட முறைப்பாட்டின் பிரதியைப் பெறுவது எப்படி?

"நான் அப்பவே பொலிஸில என்ட்ரி போட்டனான்" என்று சொல்லும் பெண்களை மீள்குடியேறிய கிராமங்களில் அடிக்கடி சந்திக்கிறோம். "பிரதி இருக்கா அக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை. ஒரு சகோதரியிடம் முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு மட்டும் இருந்தது. அதுவும் முகாமிலிருந்து ஊருக்குச் சாமான் ஏற்றி வந்தபோது தொலைந்துவிட்டது. ஊருக்கு வந்து சில மாதங்களில் கணவர் மறுபடி அடிக்கத் தொடங்கினார். முன்பும் இப்படி நடந்தது என்று காட்ட அவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

துண்டு தொலைந்தாலும் முறைப்பாடு தொலைவதில்லை. அது எழுதப்பட்ட புத்தகம் அந்தப் பொலிஸ் நிலையத்தில் இருக்கும். ஆகவே முகாமில் இருந்தபோது முறையிட்டிருந்தால், பிரதியையும் முகாமுக்குப் பக்கத்தில் நீங்கள் முறையிட்ட அந்த நிலையத்திலேயே கேட்க வேண்டும். இப்போது நீங்கள் குடியிருக்கும் ஊர் நிலையத்தில் அந்தப் பதிவு இருக்காது.

போகும்போது உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், முறையிட்ட திகதி, முறைப்பாட்டு இலக்கம், பிரதி எதற்குத் தேவை என்பவற்றை ஒரு தாளில் எழுதி, நிலையப் பொறுப்பதிகாரிக்கு முகவரியிட்டுக் கொண்டு போங்கள். அதற்குச் சிறு கட்டணம் அறவிடுவார்கள். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். திகதி நினைவில்லையா? மேலே சொன்ன சகோதரிக்கும் நினைவிருக்கவில்லை. "மூத்தவன் சாதாரண தரச் சோதனை எழுதின கிழமை" என்று மட்டும் சொன்னார். தேடுவதற்கு அது போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரித் துண்டு, கிளினிக் கொப்பி, பிள்ளையின் பாடசாலை விடுகைப் பத்திரம் போன்றவையும் திகதியைக் கண்டுபிடிக்க உதவும்.

பிரதி தர மறுத்தால் அல்லது இழுத்தடித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முறைப்பாட்டையே ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமோ இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

இனித்தான் முறையிடப் போகிறீர்கள் என்றால், சிறுவர், பெண்கள் பணியகத்தில் பெண் உத்தியோகத்தரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். தமிழில் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையொப்பம் வையுங்கள். சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். "அடிச்சார்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எப்போது, எதனால், உடம்பில் எங்கே, யார் பார்த்தார்கள், இதற்கு முன் எத்தனை தரம் என்பதெல்லாம் பதியப்பட வேண்டும். காயம் இருந்தால் சட்ட வைத்திய பரிசோதனைக்கான படிவத்தைக் கேளுங்கள். காயம் கடுமையாக இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பொலிஸுக்குப் பிறகு சொல்லலாம்.

பல நிலையங்களில் இருவரையும் கூப்பிட்டு, "பிள்ளைகளுக்காகச் சமாதானமாகப் போங்கோ" என்பார்கள். ஊர்ப் பெரியவர்களும் அதையே சொல்வார்கள். சேர்ந்து வாழ்வதா இல்லையா என்பது உங்கள் முடிவு. ஆனால் விருப்பமில்லாத சமாதானத்துக்குக் கையொப்பம் வைக்க உங்களை எவரும் கட்டாயப்படுத்த முடியாது.

பிரதி கிடைக்கும்வரை பாதுகாப்புக்காகக் காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீங்களே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றமும் போதும். உறவினர் வீட்டிலோ கொட்டிலிலோ இருப்பவர்களுக்கு இது முக்கியம். நிலைமை அவசரமென்றால் நீதவான் இடைக்காலக் கட்டளை வழங்கலாம். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள்வரை செல்லுபடியாகலாம். "அவரை மறியலில போட்டால் ஆர் உழைக்கிறது?" என்ற பயத்தில் பலர் பின்வாங்குகிறார்கள். கட்டளை கேட்பதால் மட்டும் அவர் சிறைக்குப் போவதில்லை. கட்டளையை மீறினால்தான் அது குற்றமாகி, ஒரு வருடம்வரை சிறையோ 10,000 ரூபாய்வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். முன்பு முறையிட்ட பிரதி இருந்தால், இது முதல் தரமல்ல என்பதை நீதவானுக்குக் காட்ட உதவும்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள். பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கூடவரச் சொல்லியும் கேட்கலாம். பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் உள்ள நட்பு நிலையத்தில் மனம்விட்டுப் பேசலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அவசரத்துக்குப் பொலிஸ் 119.

பிரதி கிடைத்ததும் இரண்டு போட்டோப்பிரதி எடுங்கள். ஒரே அறையுள்ள தற்காலிக வீட்டில், எல்லோரும் திறக்கும் ட்ரங்குப் பெட்டியில் அதை வைக்க வேண்டாம். தாய், சகோதரி, நம்பிக்கையான அயலவர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பினால், அனுப்பியதும் உங்கள் தொலைபேசியிலிருந்து அழித்துவிடுங்கள்.