மறைக்கல்வி: "விட்டுவிட்டோம்" – கர்த்தர் கற்பித்த செபத்தில் ஒரு வினைச்சொல்



கர்த்தர் கற்பித்த செபத்தை நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். அதில் மன்னிப்புக் கேட்கும் வரியிலே சிலருக்கு நா தயங்கும். "என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. இந்த வரியை எப்படிச் சொல்வது?" என்று கேட்போர் நம் இல்லங்களில் இல்லாமலில்லை. அவ்வரியின் கிரேக்க மூலத்தைச் சற்று ஆராய்வோம்.

அங்குள்ள வினைச்சொல் 'அஃபீயேமி'. 'அப்பால் அனுப்பு' என்பதே இதன் அடிப்படைப் பொருள். நம் தமிழில் 'விடு' என்னும் சொல் இதற்கு மிகவும் நெருங்கியது. இராயப்பரும் பெலவேந்திரரும் வலைகளை விட்டு யேசுவைப் பின்சென்றார்கள் (மத். 4:20). இராயப்பரின் மாமியாருக்குக் காய்ச்சல் விட்டது (மத். 8:15). ஓர் அரசன் தன் ஊழியனின் கடனை விட்டுவிட்டான் (மத். 18:27). இம்மூன்று இடங்களிலும் வருவது இதே வினைச்சொல்தான்.

மத்தேயு 6:12இல் நாம் விடும்படி கேட்பது 'ஒஃபெய்லேமத்தா', அதாவது கடன்கள். கடனை விட்டுவிடுகிறவன் கடனே இருக்கவில்லை என்று சொல்வதில்லை. கடன் உண்டு, ஆயினும் அதை இனிக் கேளேன் என்கிறான். ஆகவே மன்னிப்பது என்பது நடந்த தீமையைத் தீமையல்ல என்று மறைப்பதாகாது.

இனி, காலத்தைக் கவனியுங்கள். 'அஃபெஸ்' என்று கடவுளிடம் கேட்கிறோம், இது ஏவல்வினை. நம்மைப் பற்றிச் சொல்லும்போதோ, 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் சுவடிகளில் 'அஃபேகமென்' என்றிருக்கிறது. இது இறந்தகால வடிவம்: 'விட்டுவிட்டோம்'. லூக்காஸ் 11:4இல் இருப்பது 'அஃபியொமென்', 'விடுகிறோம்' என்னும் நிகழ்காலம். இலத்தீன் செபமும் நிகழ்காலத்தையே கொண்டது. மத்தேயுவின் சொல்லுக்குப் பின்னாலுள்ள அரமேய வழக்கை நோக்கி, 'இதோ, இப்போதே விடுகிறோம்' என்று பொருள் கொள்ளும் அறிஞரும் உளர்.

எப்படிக் கொண்டாலும், 'பிறகு பார்ப்போம்' என்பதற்கு இங்கு இடமில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொல்லும்போதும் (மத். 5:24) இதே 'அஃபெஸ்'தான் வருகிறது!

அப்படியானால் நமது மன்னிப்பைக் கொடுத்துக் கடவுளின் மன்னிப்பை விலைக்கு வாங்குகிறோமா? இல்லை. உவமையில் முதலில் விட்டவன் அரசனே. அவன் விட்டது பதினாயிரம் தாலந்து. ஊழியன் விட மறுத்தது நூறு தெனாரியம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஆகவே முந்திய கடன் பிந்தியதைப்போல் ஆறு இலட்சம் மடங்கு! பெற்றுக்கொண்டதிலிருந்தே நாம் கொடுக்கிறோம்.

எனவே, மனம் இன்னும் ஆறாதவர்களே, அவ்வரியை விட்டுவிடாதீர்கள். 'ஆண்டவரே, விட விரும்புகிறேன். கையைத் திறக்க உதவியருளும்' என்ற மன்றாட்டோடு அதைச் சொல்லுங்கள். நோவு உடனே மறையாதிருக்கலாம். ஆனால் பழிவாங்கும் எண்ணத்தை இன்றே விடலாம்.

இல்லத்தில் சிந்திக்க:
1. நான் இன்னும் கணக்கு வைத்திருக்கும் 'கடன்' யாருடையது?
2. இன்றிரவு குடும்ப செபத்துக்குமுன் நான் யாரிடம் பேசவேண்டும்?