கடலில் ஒரு கூட்டுப் பயிற்சி

நடுக்கடல். இரண்டு போர்க்கப்பல்கள் அருகருகே போகின்றன. ஒன்று இந்தியக் கப்பல். மற்றொன்று அமெரிக்கக் கப்பல். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஒரு கப்பலில் இருந்து மற்றக் கப்பலுக்குக் கயிறு போகிறது. கயிற்றோடு பெரிய குழாயும் போகிறது. குழாய் வழியாக எண்ணெய் பாய்கிறது. கொஞ்சம் தவறினாலும் கப்பல்கள் மோதிக்கொள்ளும்.

இந்த வேலை ஒரே நாளில் வந்துவிடாது. சேர்ந்து பழக வேண்டும். அதற்காக நடப்பதுதான் கூட்டுப் பயிற்சி.

மலபார் பயிற்சி

1992ஆம் ஆண்டு இந்தியாவும் அமெரிக்காவும் ஒரு கடற்படைப் பயிற்சியைத் தொடங்கின. அதன் பெயர் மலபார். 1998இல் இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அதனால் பயிற்சி நின்றது. 2002இல் மீண்டும் தொடங்கியது. 2015இல் ஜப்பான் நிரந்தரமாகச் சேர்ந்தது. 2020இல் ஆஸ்திரேலியாவும் கலந்துகொண்டது. 2023இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருகே பயிற்சி நடந்தது.

என்ன செய்வார்கள்?

நீருக்கு அடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலை ஒலியை வைத்துத் தேடுவார்கள். இலக்கைக் குறிபார்த்துச் சுடுவார்கள். ஒரு நாட்டு ஹெலிகாப்டர் மற்ற நாட்டுக் கப்பலில் இறங்கும்.

கொடி காட்டியும் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொரு கொடியும் ஓர் எழுத்து. எல்லா நாட்டு மாலுமிகளும் அந்த எழுத்துகளைப் படிப்பார்கள். கடலிலும் எழுத்தறிவு வேண்டும்!

நமக்கு என்ன பயன்?

நம் நாட்டுச் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வருகிறது. கடல்வழி அடைபட்டால் நம் வீட்டு அடுப்பும் பாதிக்கப்படும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நம் நாட்டுக் கடற்கரையும் அழிந்தது. அப்போதும் இந்தியக் கடற்படை இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்கு உதவப் போனது. இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் உதவி வேலைகளைப் பேசிப் பகிர்ந்துகொண்டன. ஆபத்து வந்த பிறகு பழக நேரம் இருக்காது. முன்பே பழகியிருக்க வேண்டும்.

மறுத்துப் பேசுபவர்களும் உண்டு

2007 செப்டம்பரில் வங்கக் கடலில் மலபார் பயிற்சி நடந்தது. ஐந்து நாடுகள் கலந்துகொண்டன. இடதுசாரிக் கட்சிகள் அதை எதிர்த்தன. சென்னையில் இருந்தும் கொல்கத்தாவில் இருந்தும் விசாகப்பட்டினம் வரை பிரசாரப் பயணம் நடத்தின. ஒரு வல்லரசின் பக்கம் இந்தியா சாயக் கூடாது என்றன. சீனாவும் இந்த நாடுகள் ஒன்றுசேர்வதைச் சந்தேகத்தோடு பார்த்தது. இந்தப் பயிற்சி எந்த நாட்டுக்கும் எதிரானது அல்ல என்று இந்திய அரசு சொன்னது.

சேர்ந்து பழகுவது வேறு. பிறர் சண்டையில் சேருவது வேறு. அந்த முடிவை ஒவ்வொரு நாடும் தானே எடுக்க வேண்டும். மக்களும் விவரம் தெரிந்து பேச வேண்டும்.

விடை கூறுங்கள்

1. மலபார் பயிற்சி எந்த ஆண்டு தொடங்கியது?
2. 1998இல் அது ஏன் நின்றது?
3. சுனாமியின்போது இந்தியக் கடற்படை எந்த நாடுகளுக்கு உதவியது?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் தீப்பிடித்தால் பக்கத்து ஊரார் எப்படி உதவுவார்கள்? அதற்கு முன்கூட்டியே என்ன பழகி வைக்கலாம்?