புயல் எச்சரிக்கையும் தவக்குலும்

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் நம் கடலோர ஊர்களில் புயல் கூண்டைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போகும்படி அறிவிப்பு வந்தால், பெரியவர்கள் சிலர், "அல்லாஹ் நாடியதுதான் நடக்கும், யாஸீன் ஓதிக்கொண்டு இங்கேயே இருப்போம்" என்று உட்கார்ந்துவிடுகின்றனர். யாஸீன் ஓதுவது நல்லதுதான். அதை உறுதியான கட்டடத்தில் இருந்துகொண்டும் ஓதலாமே!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. ஷாம் நாட்டுக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து, ஸஹாபாக்களிடம் மஷூரா செய்து வழியிலிருந்தே திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனுடைய ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ரின் பக்கமே செல்வதாக விடையளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊரிலிருந்து வெளியேறலாகாது என்றும் வந்திருக்கிறதே என்று கேட்கலாம். அது நோய்க்குரிய சட்டம். கடல் ஏறி வரும் கரையிலிருந்து விலகுவதற்கு அது தடையாகாது.

இதே வங்கக் கடலின் வடகரையில் இருக்கிறது சிட்டகாங் நகரம். 1991 ஏப்ரல் 29 இரவு அந்நகரையும் சுற்றியுள்ள கரையையும் புயல் தாக்கியது. கடல் சுமார் 20 அடி உயர்ந்து ஊருக்குள் வந்தது. ஏறத்தாழ 1,38,000 பேர் மௌத்தாயினர். எச்சரிக்கை வராமலில்லை. பலர் அதை நம்பவில்லை. சிலர் திருட்டுக்குப் பயந்து வீட்டைக் காத்தனர். எல்லோரும் தங்கப் போதிய கட்டடங்களும் இல்லை. பின்னர் சில குடியிருப்புகளில் விசாரித்து ஆய்வு செய்தார்கள். செங்கல் அல்லது கான்கிரீட் கட்டடத்தை அடையாதவர்களில் 22 சதவீதத்தினர் இறந்திருந்தனர். அடைந்தவர்கள் அத்தனை பேரும் தப்பியிருந்தனர். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிலும் நாற்பது கடந்த பெண்களிலுமே அதிகம் பேர் இறந்தனர்.

பெண்களைப் பற்றிய இச்செய்தியைக் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டும். கணவர் வரட்டும் என்று காத்திருந்தவர்களும், அந்நிய ஆண்கள் கூடும் இடத்துக்குப் போகத் தயங்கியவர்களும் அங்கே உண்டு. பர்தா கடமையே. ஆனால் உயிருக்கு ஆபத்தான வேளையில் பெண்களை வீட்டிலேயே நிறுத்திவைப்பதற்கு ஷரீஅத்தில் ஆதாரம் இல்லை. அவர்கள் யாருக்காகவும் காத்திராமல் புறப்பட இப்போதே அனுமதி கொடுத்துவிடுங்கள்.

அவர்கள் தயங்காமல் வருவதற்கு மஹல்லாவும் வழிசெய்ய வேண்டும். மதரஸாவின் மாடியைப் பெண்களுக்கென்று ஒதுக்கி, தனிக் கழிப்பிடமும் தண்ணீரும் மழைக்கு முன்பே ஏற்பாடு செய்யலாம். மதரஸா இல்லாத ஊரில் பள்ளிவாசலைத் திறந்துவிட வேண்டியதுதான். ஹைளுடைய பெண் என்ன செய்வாள் என்று நம்மிடம் கேட்கின்றனர். நிர்ப்பந்த நிலையில் அவள் பள்ளியில் தங்க ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளிலும் இடமுண்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்பது முத்தவல்லிக்கு மட்டுமன்றி நான்கு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். தனித்து வாழும் முதியவர்கள், நடக்க முடியாதவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கும் வீடுகளைக் குறித்துவைத்து, யார் யாரை அழைத்து வருவது என்றும் பேசிக்கொள்ளுங்கள். மாற்று மதத்தவர் வந்தாலும் அதே கதவுதான்.

மழையும் சேறுமான ஒரு ஜும்ஆ நாளில், மக்களை அவரவர் இல்லங்களிலேயே தொழும்படி பாங்கிலே அறிவிக்கச் செய்தார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். எனவே புயலன்று மக்களைப் பள்ளிக்கு வரச்சொல்லி மோதினார் வற்புறுத்த வேண்டாம். மழைக்காக ளுஹருடன் அஸரையும் மஃரிபுடன் இஷாவையும் முற்படுத்திச் சேர்த்துத் தொழ ஷாபிஈ மத்ஹபில் நிபந்தனைகளுடன் அனுமதியுண்டு, ஹனபியில் இல்லை. சேறு கலந்து நிறம் மாறியதால் மட்டும் தண்ணீர் ஒளுவுக்கு ஆகாததாகிவிடாது. சாக்கடை கலந்து நிறமோ சுவையோ வாடையோ மாறியிருந்தால் அது நஜீஸ். தொழுதுகொண்டிருக்கும்போது ஒருவர் வெள்ளத்தில் அகப்பட்டுக் கூவினால், காப்பாற்றச் சக்தியுள்ளவர் தொழுகையை முறித்துவிட்டு ஓடுவது வாஜிபு.

காற்று திடீரென்று நின்றுவிட்டால் வெளியே வராதீர்கள். புயலின் கண் ஊரைக் கடக்கும்போது அப்படித்தான் அமைதியாக இருக்கும். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடியும் வீசும். அந்த இடைவேளையில் கூரையைப் பார்க்கப் போகிறவர்களைப் பிடித்து உட்காரவைப்பது கதவருகே இருக்கும் வாலிபர்களின் வேலை.